பதில் சொல்லும் விளக்கு

மலையருவி கார்டன்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் மலையை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். அருவி எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து மேற்கே போகிற சாலை மலையில் போய் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு காலத்தில் சோளக்காடாகக் கிடந்த நிலத்தில், அறுபத்திரண்டு வீடுகள். வீட்டுக்கொரு புல்தரை, புல்தரையின் நாலு மூலையிலும் விளக்கு, வாசலில் யானை வந்து முட்டினாலும் அசையாத இரும்புக் கதவு. பெட்ரோல் வண்டி ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்த இரண்டாவது வருடம், மின்மினிகளை மீட்கும் திட்டத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது உமையாள்தான். அந்தப் பழியை அவள் பிற்பாடு வேறு யார் தலையிலும் கட்டியதில்லை. அவளிடம் மிச்சமிருந்த நேர்மை அவ்வளவுதான்.

காரைக்குடிக்காரி. பூச்சியியல் படித்து, இருபது வருடமாக மலையடிவாரத்தில் மின்மினி எண்ணியவள். எண்ணிக்கை வருடா வருடம் குறைந்துகொண்டே வந்ததை எழுதிவைப்பதுதான் அவள் வேலை. சாகக் கிடப்பவருக்கு நாடி பிடித்துச் சொல்வதோடு தன் படிப்பு தீர்ந்துபோகக் கூடாது என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் தப்பில்லை. அந்த விளக்கும் அப்போதுதான் தோன்றியது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவள் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது. அடியில் ஒரு முள், புல்லில் குத்தி நிறுத்துவதற்கு.

"காட்டுல மிச்சமிருக்கிற பூச்சியெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணா சிதறிக் கிடக்குதுங்க" என்றாள். "ஆண் பறந்துக்கிட்டே மினுக்கும். பெண் புல்லுல உக்காந்து, பிடிச்சிருந்தா பதிலுக்கு ஒரே ஒரு தடவை மினுக்கும். அதைப் பார்த்துத்தான் அவன் இறங்கி வரணும். நம்ம வீட்டு வெளிச்சத்துல அந்தப் பதில் அவனுக்குத் தெரியறதில்லை. அதனால அவளோட பதிலை இந்த விளக்கு கொஞ்சம் பலமாச் சொல்லப்போகுது."

சங்கத் தலைவர் கனகசபாபதி, மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப பூச்சிய ஏமாத்திக் கூட்டிட்டு வர்றோமுங்களா?"

சபை சிரித்தது. உமையாளும் சிரித்தாள். "ஏமாத்தலைங்க. ஒரே இடத்துக்கு வழி காட்டுறோம். தோட்டத்துக்குள்ள வந்துட்டா மத்ததை அதுங்க பாத்துக்கும்."

விளக்கை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கூடவே வைத்த நிபந்தனைகளில்தான் பேரம் நடந்தது. பூச்சிமருந்து அடிக்கக்கூடாது என்றதற்குத் தலையாட்டினார்கள். வைகாசி முழுக்கப் பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்கு, தெருவிளக்கு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்றதற்கு முணுமுணுத்தார்கள். உதிர்ந்த சருகைப் பெருக்காமல் விடவேண்டும், மின்மினிப் புழு அதற்குள்தான் ஒன்றிரண்டு வருடம் நத்தையைத் தின்று வளரும் என்றபோது கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. வாசல் பெருக்காமல் கிடந்தால் அது எழவு விழுந்த வீடு. மருமகள் வந்து பத்து நாள் ஆகாத வீட்டில் சருகு கிடந்தால் சம்பந்தி என்ன நினைப்பார்கள் என்று ஒரு அம்மாள் எழுந்து நின்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். சருகைப் பெருக்குவது, ஆனால் எரிக்காமல் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவது. விளக்குகளைப் பாதியாகக் குறைப்பது, எங்கேயாவது ஒரு தெருவில் மட்டும் முழுசாக அணைப்பது. முழு இருட்டு ஒரு தெருவிலாவது உண்டு என்று அறிக்கையில் எழுத முடிந்ததே என்று உமையாளுக்கு நிம்மதி. அது எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை.

முதல் வருடம் வைகாசியில் இரண்டு நல்ல மழை பெய்து, மூன்றாம் நாள் சாயங்காலம் அவை வந்தன. மலையிலிருந்து இறங்கி, மதில் தாண்டி, நூறு, இருநூறு, பிறகு எண்ண முடியாமல். உமையாள் கிளப் ஹவுஸ் படியில் உட்கார்ந்து அழுதாள். இருபது வருடமாக எண்ணிக்கை குறைவதையே பார்த்த கண்ணுக்கு அது வேண்டியிருந்தது. பெரியவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் கைப்பேசியால் படம் பிடித்தார்கள், அதுவும் வெளிச்சம்தான் என்பதை அவள் அன்று சொல்லவில்லை.

தோட்ட வேலை பார்க்கும் வளர்மதி ஈர்க்குத் துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, பறக்கறதெல்லாம் ஆம்பளைன்னு சொன்னீங்கள்ல. இதுல பொம்பளைப் பூச்சி எங்கீங்க?"

புல்லுக்குள் இருக்கும் என்றாள் உமையாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் பொழுது சாய அவள் புல்தரையில் மண்டியிட்டுத் தேடினாள். ஐந்தாவது நாள்தான் கிடைத்தது. ஒரு விளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், புல்லின் பாதியில், ஒரு பெண். மேலே ஒருவன் மினுக்கிக்கொண்டே போனான். அவள் பதில் சொன்னாள். அதற்குள் விளக்கும் சொல்லியிருந்தது, அவளைவிடப் பளிச்சென்று. அவன் விளக்கில் போய் இறங்கினான். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் அந்தக் கண்ணாடி மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினாள். மறுபடி பதில் சொன்னாள். புல் நுனி வரைக்கும் ஏறி, அதற்கு மேல் ஏற இடமில்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையான பெண் நூறு பேரில் ஒருவனுக்குத்தான் பதில் சொல்லும். மற்ற நேரம் பேசாமல் இருக்கும். உமையாள் செய்த விளக்கு வந்தவன் போனவன் எல்லோருக்கும் பதில் சொன்னது, அலுக்காமல், ஆயிரம் தடவை. அது அவள் எழுதிக்கொடுத்த கட்டளைதான்.

விளக்கைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் தாமோதரன் அன்று பக்கத்தில் இருந்தான். அவளுக்கு முன்னால் அவன் புரிந்துகொண்டான் என்றுகூடச் சொல்லலாம். "அணைச்சுடட்டுமா மேடம்? ஒரே பட்டன்தான்."

அந்த வாரக் கடைசியில் டெல்லியிலிருந்து குழு வருவதாக இருந்தது. பார்த்துவிட்டு, இன்னும் நாற்பது ஊர்களுக்குத் திட்டத்தை நீட்டிப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும் குழு. இருட்டான தோட்டத்தை அவர்களுக்குக் காட்டி, வெற்றிக்குப் பின்னால் ஒரு சின்னச் சிக்கல் என்று விளக்குவதை அவள் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முடியவில்லை.

"பத்து நாள் போகட்டும்" என்றாள். "பத்து நாள்ல என்ன ஆயிடப்போகுது."

சிறகு முளைத்த மின்மினியின் ஆயுள் இரண்டு வாரம். கூடிப் போனால் மூன்று. அது அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த மாநிலத்திலேயே இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

குழு வந்தது, வாயைப் பிளந்து பார்த்தது, கைகுலுக்கிவிட்டுப் போனது. பதினோராம் நாள் விளக்குகளை அணைத்தபோது தோட்டத்தில் அணைந்த விளக்குகள் மட்டுமே இருந்தன. அவற்றைச் சுற்றிப் புல்லில் செத்துக் கிடந்த ஆண்களை வளர்மதி காலையில் முறத்தில் வாரினாள். பெருக்காமல் விடக்கூடாத வாசல்கள் அல்லவா.

அடுத்த வருடம் ஒன்றுகூட வரவில்லை. மலைச்சரிவிலும் இல்லை. உமையாள் பதினெட்டுச் சாயங்காலம் போய் நின்று, பதினெட்டு சுழியம் எழுதினாள். பிறகு சங்கக் கூட்டத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். விளக்கு ஆண்களை எல்லாம் இழுத்துக்கொண்டது, பெண்கள் கருத்தரிக்காமலே செத்துப்போயின, ஐந்தாம் நாளே எனக்குத் தெரியும், நான் பத்து நாள் தள்ளிப்போட்டேன். திட்டுவார்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று வந்திருந்தாள்.

யாரும் திட்டவில்லை. கனகசபாபதி அவளுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். "நீங்க மனசு விடாதீங்க டாக்டர். வெளக்கு நல்லாத்தானே இருக்குது" என்றார்.

அவளுக்கு அதைவிடப் பெரிய அடி தேவையில்லை. ஆனால் இன்னொன்று காத்திருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான் வளர்மதியின் புருஷனைப் பார்த்தாள். நாச்சிமுத்து அங்கே காவல்காரனாக இருந்தவன். வலது முழங்காலுக்குக் கீழே காலில்லாமல், ஊன்றுகோலோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். போன வருடம் வைகாசியிலேயே நடந்துவிட்டதாம். வேலைக்காரர்கள் இருக்கும் லைன் வீட்டுத் தெருவில் விளக்கில்லை. வேலை முடிந்து வரும்போது கண்ணாடி விரியனை மிதித்துவிட்டான். உயிரைக் காப்பாற்றினார்கள், காலை எடுத்துவிட்டார்கள்.

"லைட்டைப் போடச் சொல்லிக் கேட்டமுங்க" என்றாள் வளர்மதி. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "டாக்டரம்மா போடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்கன்னு தலைவர் சொல்லிப்போட்டாருங்க. பூச்சிக்காகன்னு சொன்னாங்க. சரி, நல்ல காரியத்துக்குத்தானேன்னு விட்டுட்டமுங்க."

முழுசாக அணைத்த ஒரே தெரு அதுதான். உமையாள் அன்று வீட்டுக்குப் போய் அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்து அழகாகவே இருந்தது.

தாமோதரனின் நிறுவனம் இதற்குள் வேறு பொருளைக் கொண்டுவந்துவிட்டது. மினுக்கி என்று பெயர். பறக்கும், சோளப்பொரி கனம்கூட இருக்காது, வெயிலில் தானே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும், பொழுது சாய்ந்தால் கிளம்பும். ஆண் மின்மினியின் மினுக்கலை அச்சு அசலாகச் செய்யும். அந்த மினுக்கலை இருபது வருடமாக அளந்து எழுதிவைத்தவள் உமையாள். புல்லில் மறுபடி எரியவிட்ட அவளுடைய பழைய விளக்குகள், மேலே மினுக்கிகள். இது கேட்க, அது பதில் சொல்ல, மலையருவி கார்டன்ஸ் சாயங்காலமெல்லாம் ஜொலித்தது. இடையில் பூச்சி என்ற தொந்தரவே இல்லை.

அவள் தாமோதரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். அவன் கெட்டவன் இல்லை, பொறுமையாகக் கேட்டான். "மேடம், ஜனங்க கேட்டது வெளிச்சத்தை. பூச்சியைக் கேட்டது நீங்க மட்டும்தான்" என்றான்.

மூன்றாம் வருடம் வைகாசியில், மழை பெய்த மறுநாள், வளர்மதி போன் செய்தாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒன்று மினுக்குகிறது, தலைவர் வீட்டுப் பொம்மை இல்லை, பறக்கவில்லை, புல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றாள்.

உமையாள் போனபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. லைன் வீடுகளுக்குப் பின்னால், மதிலை ஒட்டி, மூன்று வருடத்துச் சருகு மட்கி மேடாகக் கிடந்தது. அறுபத்திரண்டு வாசலிலிருந்தும் பெருக்கிக் கொட்டியது. வீடுகளின் கழிவுநீர் கசிந்து அதை ஈரமாகவே வைத்திருந்தது. நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மருந்து அடிக்க அங்கே யாருக்கும் தோன்றியதில்லை, விளக்குப் போடவும் தோன்றியதில்லை. ஒரு மின்மினித் தோட்டத்துக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று அவள் பத்துப் பக்கத்தில் எழுதியிருந்தாளோ, அதெல்லாம் அங்கே இருந்தது. அவளுடைய வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சாம்பல் நிறம் பூசி, குப்பைமேடு என்று எழுதியிருந்தாள். தோட்டம் என்றால் இரும்புக் கதவுக்கு உள்ளே இருப்பது என்று அவளும்தான் நினைத்திருந்தாள். பெருக்கித் தள்ளிய சருகோடு புழுக்களும் இங்கே வந்து பிழைத்துக் கிடந்திருக்கின்றன.

நாச்சிமுத்து பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். "அக்கட்டால பாருங்க, அந்தத் தும்பைச் செடிகிட்ட" என்றான்.

அவள் பார்த்தாள். ஒரு பெண். யாரும் கேட்காமலே, இடைவெளி விட்டு, மெல்ல மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக இருக்கிறதாம். அதற்கு முன்னால் இங்கிருந்து நாலைந்து கிளம்பிப் பறந்ததையும் அவன் பார்த்திருக்கிறான். எந்தப் பக்கம் போயின என்று கேட்டாள். வீடுகள் இருக்கும் பக்கம் கை காட்டினான்.

எல்லாம் விளக்குக்குத்தான் போயிருக்கும். ஆனால் இந்த மேட்டில் இன்னும் சில இருக்கலாம், இன்றோ நாளையோ சிறகு முளைத்து வெளியே வரலாம். விளக்குகளையும் மினுக்கிகளையும் பத்து நாள் அணைத்துவைத்தால் போதும். ஒரே ஒருவன் இவளைக் கண்டுகொண்டால் போதும். உமையாள் செருப்பு சேற்றில் மாட்ட, அதை அங்கேயே விட்டுவிட்டு, கனகசபாபதி வீட்டுக்கு வெறுங்காலோடு ஓடினாள்.

அவர் பூரித்துப்போய் வரவேற்றார். பேத்திக்குக் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸ் புல்தரையில் வரவேற்பு. தாமோதரனிடம் சொல்லி இன்னும் இரண்டாயிரம் மினுக்கி வரவழைத்திருந்தார், இன்று ஒத்திகை. அவள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்தான்.

"கண்டிப்பா அணைச்சிடலாமுங்க" என்றார். "கல்யாணம் மட்டும் முடிஞ்சிடட்டும். விருந்தாளியெல்லாம் போயிடட்டும். ஒரு பத்து நாள் பொறுத்துக்குங்க. பத்து நாள்ல என்னுங்க ஆயிடப்போகுது?"

கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த வார்த்தையை முதலில் சொன்னவளுக்கு அதன் மேல் கத்த உரிமை இல்லை. அவர் கொடுத்த பத்திரிகையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வெள்ளைப் பத்திரிகை, ஓரத்தில் மின்மினி படம் அச்சடித்திருந்தது.

லைன் வீட்டுத் தெருவுக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. தெரு முனையில் ஒரு புது விளக்குக் கம்பம் படுத்துக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள். வளர்மதியிடம் கேட்டாள்.

"போன வாரம் கம்பம் கொண்டாந்து போட்டாங்க. கல்யாணத்துக்கு வர்றவங்க வண்டி இந்தப் பக்கம் நிக்கோணுமாம், அதுக்காக" என்றாள். "இவருதான் வேண்டாமுன்னு நிறுத்திப்போட்டாருங்க. ஒரு பூச்சி வந்திருக்குது, மழைக்காலம் முடியட்டும், அப்புறம் நட்டுக்கலாமுன்னு."

உமையாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "காலுதான் போயாச்சுங்களே. அது எதுக்காகப் போச்சோ, அதாச்சும் நெலைக்கட்டும்."

அவள் சருகுமேட்டோரம் உட்கார்ந்தாள். தும்பைச் செடியருகே அந்தப் பெண் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் அதன் மினுக்கல் நிதானமாகிக்கொண்டு வந்தது. குளிர்ந்தால் மின்மினியின் உடம்பு மெதுவாகும், மினுக்கலும் மெதுவாகும். ஆணுக்கும் அப்படித்தான்.

"வந்துட்டான் பாருங்க" என்றான் நாச்சிமுத்து, தாழ்ந்த குரலில்.

மதிலுக்கு மேலே ஒரு வெளிச்சம். தனியாக வந்தது. மினுக்கியது, தயங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடி மினுக்கியது. தும்பைச் செடியிலிருந்து பதில் வந்தது. மேட்டிலிருந்து கிளம்பிய ஒருவன் வழி தெரிந்து திரும்பியிருக்கலாம். அப்படியும் நடக்கும். அதன் மினுக்கல்களுக்கு நடுவே உமையாள் மனதுக்குள் எண்ணினாள், ஒன்று, இரண்டு. இந்தக் குளிருக்கு மூன்று வரைக்காவது எண்ண வேண்டும்.

இரண்டோடு வந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் இரண்டு, முள் அளவுகூட மாறாமல். குளிர் அதற்கு உறைக்கவில்லை. ஒத்திகையிலிருந்து வழி தவறிய மினுக்கி, இங்கே ஒரு பதில் தெரிந்ததும் அதை நம்பி வந்துவிட்டது.

அது செடிக்குப் பக்கத்தில் இறங்கியது. பெண் மினுக்கினாள். அது மினுக்கியது. அவள் இலையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, அதன் மேல் காலை வைத்து, மறுபடி மினுக்கினாள். அது மறுபடி மினுக்கியது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

வளர்மதி வாயில் கை வைத்துச் சிரித்தாள். நாச்சிமுத்து ஸ்டூலில் இன்னும் முன்னால் சாய்ந்தான். "ஆம்பளைப் பூச்சிதானுங்களே டாக்டரம்மா?"

உண்மையைச் சொன்னால் அந்தக் கம்பத்தை நாளைக்கே நட்டுக்கொள்ளலாம். சொன்னால் அவன் கால் எதற்காகப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"ஆமாங்க" என்றாள் உமையாள்.

"அப்ப அடுத்த வருசம் இன்னும் எச்சா வருமுங்களா?"

"வரும்."

"அப்பச் சரி" என்றான் நாச்சிமுத்து. "லைட்டு அடுத்த வருசமும் வேண்டாமுன்னு தலைவர்கிட்டச் சொல்லிப்போடலாம்." பிறகு ஊன்றுகோலைத் தேடி எடுத்து எழுந்தான். வளர்மதி கையைப் பிடிக்கப் போனதற்கு வேண்டாம் என்றுவிட்டு, முன்னால் தரையை ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்தான்.